ஆறு வயதுப் பிள்ளையின் உபயம்

எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன இத்தாலியின் பழைய ரோமானிய ஊர் போம்பேய். நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் அங்கே போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் ஊரின் பொதுச் சதுக்கமான மன்றத்துப் பக்கம் திரும்ப, நான் பெரிய நாடக அரங்கத்தின் பின்னால் இருக்கும் ஐசிஸ் கோயிலைத் தேடிப் போனேன். எகிப்திலிருந்து வந்த அம்மன் இவள். தீட்சை பெற்றவர்களைத் தவிர யாருக்கும் சொல்லக்கூடாத சடங்குகள் இவள் வழிபாட்டில் இருந்தன.

வாசலுக்கு மேலேயே உபயக் கல்வெட்டு. அசல் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இது நகல். நிலநடுக்கத்தில் இடிந்த கோயிலை அஸ்திவாரத்திலிருந்து தன் சொந்தச் செலவில் எடுத்துக் கட்டியவர் நுமேரியஸ் பொப்பீடியஸ் செல்சீனஸ். அதற்காக நகர சபை கட்டணம் வாங்காமல் அவரை உறுப்பினராக்கியது என்கிறது. வயது? ஆறு!

சிரித்துவிட்டேன். பணம் அப்பா ஆம்ப்ளியாட்டஸுடையது என்று சொல்லவா வேண்டும்? அவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அப்படிப்பட்டவர் எவ்வளவு சம்பாதித்தாலும் சபையில் உட்கார முடியாது, பிள்ளை உட்காரலாம். கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்.

உள்ளே முற்றத்து மூலையில் சின்னக் கட்டடம் ஒன்று. அதிலிருந்து படி இறங்கினால் தீர்த்தத் தொட்டி. நைல் நதியின் தண்ணீராகவே அதை நினைத்திருப்பார்கள் என்கிறார்கள். பக்கத்துப் பழைய ஊரான ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஓவியம் ஒன்றில் பூசாரி தீர்த்தக் குடத்தைத் துணியால் மூடிய கைகளில் ஏந்தி மேல்படியில் நிற்கிறார். கீழே இரண்டு வரிசையாக அடியார்கள். சிலர் கையில் கிலுகிலுப்பை. அந்தச் சத்தத்தைக் கற்பனை செய்துகொண்டு கண்ணை மூடி நின்றேன். காவலர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், சரி, பார்க்கட்டும்.

பக்தர்கள் ரகசியம் காத்தார்களே தவிர ஒதுங்கி வாழவில்லை. "ஐசிஸ் அடியார்கள் அனைவரும்" ஹெல்வியஸ் சபீனஸ் என்ற வேட்பாளருக்கு ஆதரவு கேட்ட தேர்தல் சுவரெழுத்தே இந்த ஊரில் உண்டு! நோர்பானஸ் சோரெக்ஸ் என்ற நடிகரின் வெண்கலத் தலையும் இந்தக் கோயிலில்தான் கிடைத்தது.

கருவறையைச் சுற்றிப் பின்புறம் வந்தேன். அங்கே ஒரு மாடம். அதன் இரு பக்கமும் சுதையில் காது செய்து வைத்திருந்தார்களாம், வேண்டுதலைத் தெய்வம் கேட்க. மாடத்தில் இருந்த, மதுவின் தெய்வமான டயோனிசஸ் சிலையும் ஆம்ப்ளியாட்டஸ் உபயம்தான். வாசலில் பிள்ளை பெயரைப் போட்டவர், பின்னால் மறைவாக இருந்த இந்தச் சிலையில் "தகப்பன், தன் பணத்தில்" என்று எழுதிவைத்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, வீட்டு விஷயம் ஒன்றை மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.