தீவுக்குப் போகும் வழியில் ஒரு வெள்ளைக் கட்டடம்

கனடாவுக்கு வந்த முதல் கோடையில் பெரியம்மாவின் மகன் என்னை ரொறன்ரோத் தீவுக்குக் கூட்டிப்போனார். அதுவரை ஸ்காபரோவில் பனியும் பஸ்ஸும் வேலையும்தான். யாழ்ப்பாணத்துக் கடலோர ஊரான வல்வெட்டித்துறையில் பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பார்க்காமல் இருப்பது பெரிய கஷ்டம். உப்பு மணமில்லாத ஏரிதான். ஆனாலும் தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பெரி (ferry) படகில் ஏறிக் காற்று முகத்தில் பட்டதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

தீவை நெருங்கும்போது, பாய்மரங்களுக்குப் பின்னால் உயரமான தூண்களோடு நீண்ட வெள்ளைக் கட்டடம் ஒன்று தெரிந்தது. "ரோயல் கனடியன் யொட் கிளப். மெம்பர்மாருக்கு மட்டும்தான், தம்பி" என்றார் அண்ணா. பாய்ப்படகு ஓட்டுகிறவர்களின் சங்கம் அது. இன்றுவரை நான் உள்ளே போனதில்லை. ஆனால் அதன் கதையைத் தேடிப் படித்தேன்.

கிளப் தொடங்கியது 1852இல். ஆரம்ப காலத்தில் சில ஆண்டுகள் மிதக்கும் கலம் ஒன்றுதான் அவர்களுக்குக் கிளப் வீடு. அப்போது தீவும் தீவாக இல்லை, கரையோடு ஒட்டிய மணல்திட்டு. 1858இல் அடித்த புயல்தான் அதை அறுத்துத் தனியாக்கியது. கிளப் அங்கே குடியேறியது 1881இல். 1904இல் கட்டடம் எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். 1918இல் அதுவும் எரிந்தது. இப்போது நிற்பது 1922இல் முடிந்தது, தீவில் அவர்களின் மூன்றாவது வீடு.

உறுப்பினர்களை ஏற்றி இறக்கும் படகுகளும் பழையவை. ஹையவாதா 1895இல் கட்டியது, குவாசிண்ட் 1912இல். ஒரு படகை இத்தனை காலம் ஓட வைப்பது லேசான வேலையில்லை. எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டரைப் போய்ச் சேர்ந்தது. அதில் போனவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எனக்கு, மரக்கலத்தைப் பேணுகிறவர்கள் யாராக இருந்தாலும் சொந்தக்காரர் மாதிரித்தான்.

அப்புறம் பல வருடம் கழித்து அம்மா வந்தா. ஊரில் எங்கள் வீடு எரிந்தபோது பெட்டகத்தைக்கூட எடுக்க முடியாமல் ஓடி வந்தவ. பெரியில் வைத்து இந்தக் கதையைச் சொன்னேன்.

"இரண்டு தரம் எரிஞ்சும் அங்கேயே கட்டினவையோ?"

"ஓம் அம்மா."

பிறகு அவ ஒன்றும் கதைக்கவில்லை. பெரி கரை தட்டும்வரை கம்பியைப் பிடித்தபடி அந்தத் தூண்களையே பார்த்துக்கொண்டு நின்றா.