மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த பெயரில்லாத அட்டை

வீடு வீடாகச் சென்று பிசியோதெரபி அளிக்கும் எனக்கு, ஒரே ஒரு நோயாளி உட்கொள்ளும் மருந்துகளின் முழுப் பட்டியலைக் கையில் வாங்கப் பதினோரு நாட்கள் ஆயின. மருத்துவமனைக்கு மூன்று முறையும் மருந்துக்கடைக்கு ஒரு முறையும் அலைந்தேன். அந்த அலைச்சலின் எரிச்சல் இன்னும் தீரவில்லை என்றாலும், படிப்பை முடித்து இப்போதுதான் வீட்டுச் சிகிச்சைக்குச் செல்லத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் மருந்தியல் தாளில் எனக்கு அரியர் விழுந்தது. அடுத்த முறை, மருந்து வகைகளின் அட்டவணைகளை மனப்பாடம் செய்து தேறினேன். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளின் பக்கவிளைவுகளை எழுதச் சொன்ன கேள்விக்கு, 'சர்க்கரை தாழும்போது தோன்றும் அறிகுறிகளை மறைக்கும்' என்று ஒரு வரி எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்த வரி ஒரு மனிதரின் உடலில் எப்படித் தெரியும் என்று வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பெரியவருக்கு 67 வயது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம். சர்க்கரைக்குக் காலையும் மாலையும் இன்சுலின், இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை என்று மருமகள் சொன்னதை முதல் நாளே குறித்துக்கொண்டேன். மகன் வெளியூரில் வேலையில் இருந்தார். காலை எட்டரை மணிக்குப் பயிற்சி என்று முடிவாகி, ஒரு வாரம் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியது.

எட்டாம் நாள், தொடைத் தசைக்கான பயிற்சியை இருபது நிமிடம் கொடுத்துவிட்டு வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தபோது, அவர் பேச்சு குறைந்தது. மேலுதட்டிலும் நெற்றியிலும் வியர்வை முத்து முத்தாக நின்றது. கையில் நடுக்கம் இல்லை. நாடி 66தான் இருந்தது; படபடப்பு இருப்பதாகவும் அவர் சொல்லவில்லை. களைப்பு என்று நினைத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஐந்து நிமிடம் கழித்து, "ஏம்மா, இன்னைக்கு என்ன கிழமை?" என்று இரண்டாவது முறையாகக் கேட்டபோதுதான் எனக்குச் சுரீரென்றது. வீட்டிலிருந்த குளுக்கோமீட்டரில் பார்த்தோம்: 54. மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 68. மீண்டும் ஒரு முறை கொடுத்த பிறகே 90-ஐத் தாண்டியது. காலையில் இன்சுலினை வழக்கமான அளவில் போட்டுக்கொண்டு, வாய்க்கசப்பால் இரண்டே இட்லியோடு எழுந்துவிட்டார் என்பதும், ஊசியைத் தொடையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம் என்பதும் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தன. ஊசி போட்ட இடத்திலுள்ள தசை வேலை செய்யும்போது இரத்த ஓட்டம் கூடி, இன்சுலின் விரைவாக உறிஞ்சப்படும். நான் இருபது நிமிடம் வேலை வாங்கியது அதே தொடையைத்தான்.

ஆனால் சர்க்கரை 54-க்கு இறங்கிய ஒருவருக்குக் கை நடுங்கவில்லை, நாடி எகிறவில்லை, வியர்வை மட்டும் வந்தது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று உள்ளே வேலை செய்கிறது என்று தோன்றியதால், அது என்னவென்று தெரியும்வரை கட்டிலில் படுத்தபடி செய்யும் எளிய பயிற்சிகளைத் தவிர எதுவும் தருவதில்லை என்று முடிவு செய்தேன்.

டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே என்று கேட்டேன். காப்பீட்டுக்கு மூலப்படியை அனுப்பிவிட்டதாகவும் நகல் எடுக்கவில்லை என்றும் மருமகள் சொன்னார். முதல் எச்சரிக்கை இதுதான்: காப்பீட்டுக்கு எதை அனுப்பினாலும், அதற்கு முன் கைப்பேசியிலாவது படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்கு மருமகளோடு சென்றேன். "பேஷண்ட் நேர்ல வரணும்" என்றார் அங்கிருந்த எழுத்தர். அவரால் நடக்க முடியாது என்பதற்காகத்தான் பிசியோதெரபிஸ்ட் வந்து நிற்கிறேன் என்று விளக்கிய பிறகு, கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார். கடிதத்தோடு இரண்டாம் முறை சென்றபோது, ஆதார் நகல் இல்லை என்று திருப்பி அனுப்பினார். முதல் முறையே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. வெயிலில் இரண்டு பேருந்து மாறி வந்த அந்த நாள் முழுவதும் வீணானது. அன்று மாலை பார்க்க வேண்டிய இரண்டு நோயாளிகளையும் தள்ளிப்போட நேர்ந்தது.

மூன்றாம் முறை செல்வதற்கு முன் எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் ஒரு தகவலைச் சொன்னார். மருத்துவர்களின் தொழில் நடத்தைக்காக 2002-இல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சில் விதிமுறைகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்த உதவியாளரோ கேட்டால், சிகிச்சை ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இதைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் கேட்டோம். அன்று பிற்பகலே நகல் கிடைத்தது.

கிடைத்ததில் என்ன இருந்தது என்றால், இன்சுலின், இரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின், ஆஸ்பிரின், வலி மாத்திரை, அதற்குக் கீழே 'ஏற்கெனவே எடுத்துவரும் மாத்திரைகளைத் தொடரவும்' என்று ஒற்றை வரி. அந்த 'ஏற்கெனவே' எது என்று தெரிந்துகொள்ளத்தான் நாங்கள் அத்தனை நாள் அலைந்தோம்.

எனவே வீட்டிலிருந்து மறுபடியும் தொடங்கினேன். மாத்திரைப் பெட்டி, பூஜை அலமாரி, கட்டில் தலைமாட்டு, பை என எங்கெல்லாம் மருந்து இருக்குமோ அத்தனையையும் ஒரே தட்டில் கொண்டுவந்து கொட்டச் சொன்னேன். அதில் கத்தரித்த அட்டை ஒன்று கிடந்தது. பத்து மாத்திரை அட்டையில் ஆறை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரர் வைத்துக்கொண்ட பாதியோடு போய்விட்டன. காகித உறையில் பேனாவால் '1-0-1' என்று மட்டும் எழுதியிருந்தது. "அது கை நடுக்கத்துக்கும்மா, வேற டாக்டர் குடுத்தது, ரெண்டு வருஷமா போடுறேன்" என்றார் பெரியவர். மூட்டு மருத்துவரிடம் மூட்டைப் பற்றி மட்டும் பேசியதால், இதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் நல்லவராக இருந்தார். கணினியில் பழைய பில்களைத் தேடிப் பத்து நிமிடத்தில் பெயரைச் சொல்லிவிட்டார்: ப்ரோப்ரனலால், 40 மில்லிகிராம். அது ஒரு பீட்டா பிளாக்கர். மூன்று முறை மருத்துவமனைக்கு அலைந்து கிடைக்காதது, ஒரு பில்லில் கிடைத்தது. அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

அரியர் தாளில் நான் எழுதிய வரி அப்போதுதான் முழுதாக விளங்கியது. சர்க்கரை தாழும்போது உடல் அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கிறது. இதயம் படபடப்பதும் கை நடுங்குவதும் அட்ரினலின் சென்று ஒட்டும் பீட்டா ஏற்பிகள் வழியாக நடப்பவை. ப்ரோப்ரனலால் அந்த ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. வியர்வைச் சுரப்பிகளுக்குச் செல்லும் நரம்புகளோ அசிட்டைல்கோலின் என்னும் வேறொரு வேதிப்பொருள் மூலம் இயங்குபவை. ஆகவே வியர்வை மட்டும் தப்பி வெளியே வருகிறது. கல்லீரல் சேமித்த சர்க்கரையை வெளியேற்றுவதையும் இம்மருந்து மட்டுப்படுத்துவதால், தாழ்ந்த சர்க்கரை மேலேறவும் தாமதமாகலாம். முதல் முறை கொடுத்த சர்க்கரை போதாமல் போனதில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

அவருடைய சர்க்கரை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ நம் வேலை அன்று. பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்துவது ஆபத்து என்பதால், நோயாளி தாமாக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். மருத்துவர் பொறுமையாகக் கேட்டு, ஊசியை வயிற்றில் போடவும், காலை உணவு முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்துப் பயிற்சி தொடங்கவும், சர்க்கரை 100-க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே ஆரம்பிக்கவும் சொன்னார். நாடியை வைத்துப் பயிற்சியின் கடுமையை அளப்பதை நான் விட்டுவிட்டேன். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு, வயதைக் கழித்துக் கணக்கிடும் இலக்கு நாடி பொருந்தாது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே எண்ணால் சொல்லும், 6 முதல் 20 வரை செல்லும் போர்க் அளவுகோலைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டி, 'லேசு' என்னும் 11-க்கும் 'கொஞ்சம் சிரமம்' என்னும் 13-க்கும் இடையில் நிறுத்தினேன்.

நமக்கு வேண்டிய மருந்தியல் பெரும்பாலும் நேரம் சார்ந்தது என்பதே என் கருத்து. மருந்தின் பெயரைக் கேட்பவர்கள், அதைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்று கேட்பதில்லை. பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு நடைப்பயிற்சி எடுபடவே இல்லை என்று இரண்டு வாரம் வருந்தியிருக்கிறேன். அந்நோய்க்கான லெவோடோபா, துணைமருந்தான கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுத்தாலும், இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். நான் சென்றதோ அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பு, அதாவது உடல் இறுகிக் கிடந்த நேரத்தில். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செல்லத் தொடங்கியதும் அதே மனிதர் கூடத்தில் திரும்பி நடந்தார். மாறாக, ஆம்லோடிபின் உடலில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதை எடுப்பவரின் பயிற்சி நேரத்தை மாற்றி வைப்பதில் பெரிய பயன் இல்லை. ஆனால் அவர் கணுக்கால் வீக்கம் மாத்திரையால் வந்ததா என்று கேட்காமல் கட்டுப்போடக் கூடாது.

கட்டிலிலிருந்து எழுப்பும் முன் படுத்த நிலையிலும், நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அழுத்த மாத்திரை, புரோஸ்டேட் மாத்திரை, நீர் மாத்திரை மூன்றையும் சந்தேகியுங்கள். குதிகால் தசைநாண் வலி என்று வருபவரிடம், அண்மையில் லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா என்று கேளுங்கள். தசைநாண் அறுபடும் ஆபத்தைக் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே கட்டமிட்ட எச்சரிக்கை விடுத்தது. 60 வயதைத் தாண்டியவர்க்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்க்கும் ஆபத்து கூடுதல். அவர்களுக்கு இழுவைப் பயிற்சி தருவதற்கு முன் மருத்துவரிடம் அனுப்புவதே முறை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவரிடம், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை அளவு கடைசியாக எவ்வளவு என்று தெரியாமல் ஆழமான மசாஜில் கை வைக்காதீர்கள்.

இப்போது புதிய வீட்டுக்குச் சென்றால் முதல் இருபது நிமிடம் தட்டில் கொட்டிய மருந்துகளோடுதான் கழிகிறது. சென்ற வாரம் ஒரு அம்மாவுக்கு நாடி 52 இருந்தது. மாத்திரைகளில் அதற்குக் காரணம் எதுவும் இல்லை. "வேற மருந்து, களிம்பு, சொட்டு மருந்து ஏதாவது உண்டாம்மா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்ட பிறகு, முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வந்தார். கண் அழுத்தத்துக்கான டிமோலால். "கண்ணுல விடுறதெல்லாம் கணக்கா?" என்றார். கண்ணில் விட்டாலும் மூக்கு வழியே இரத்தத்தில் கலக்கும் பீட்டா பிளாக்கர் அது. பட்டியலில் எழுதி, படம் எடுத்து, அவருடைய மருத்துவருக்கு அன்றே அனுப்பிவிட்டுத்தான் நடைப்பயிற்சியைத் தொடங்கினேன்.