ஹட்டன்காரன் பார்த்த நமீபியா

நமீபியாவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா முதலில் கேட்டது, "அங்க மழை பெய்யுமா தம்பி?" முப்பது வருஷத்துக்கு மேல் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மழையிலும் குளிரிலும் தேயிலைக் கொழுந்து எடுத்தவருக்கு ஓர் ஊரைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது அதுதான். பெய்யாது என்றேன். சுவாகோப்முண்ட் என்ற கரையோர நகரத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது 20 மில்லிமீற்றர்கூட இல்லை, எங்கள் இலங்கை மலையகத்து வட்டவளையில் தென்மேற்குப் பருவ காலத்தில் அது ஒரு மத்தியானத்துக்கே போதாது. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எப்படிப் பொழைக்கிறாங்க?" என்றார். பத்து நாள் அந்தக் கேள்வியோடுதான் சுற்றினேன்.

அக்கா மகன் ஜோகன்னஸ்பேர்க்கில் வேலை செய்கிறான், அவனைப் பார்க்கப் போன இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினோம். தலைநகரம் வின்ட்ஹூக் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கும் மேலே இருக்கிறது, அதாவது நம் ஹட்டனைவிட உயரம். இலங்கையைப் போல் பன்னிரண்டு மடங்கு பெரிய நாடு, ஆனால் சனம் 30 இலட்சம்தான். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் வாகனம் ஓட்டுவது சிரமமில்லை. ஆனால் நகரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சரளை ரோடு, ஒரு டயர் போனால் உதவிக்கு அடுத்த வாகனம் எப்போது வரும் என்று தெரியாது. தண்ணீரும் இரண்டு ஸ்பெயார் டயரும் இல்லாமல் யாரும் போகாதீர்கள். கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் இடையில் வளைந்து வளைந்து வளர்ந்த எனக்கு, ஒரு மணி நேரம் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே போகும் ரோடு முதல் நாள் பயத்தைத்தான் கொடுத்தது.

சொசுஸ்ஃப்லெய் மணல் குன்றுகளை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதைவிட அதன் பக்கத்தில் உள்ள டெட்ஃப்லெய்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஒரு காலத்தில் சௌசாப் ஆற்றுத் தண்ணீர் அங்கே வரை வந்திருக்கிறது, பிறகு மணல் குன்று நகர்ந்து வழியை அடைத்துவிட்டது. மரங்கள் பட்டுப்போய்ப் பல நூறு வருஷம் ஆகியும் வெள்ளைக் களிமண் தரையில் கறுப்பாக அப்படியே நிற்கின்றன. உக்கிப்போகவும் ஈரம் வேண்டுமே, அது இல்லை. ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் வாசல் படியில் பாசி ஏறும் ஊரிலிருந்து போனவனுக்கு அது எவ்வளவு ஆச்சரியம் என்று பாருங்கள்.

அப்புறம் சுவாகோப்முண்ட். காலையில் கதவைத் திறந்தால் தெரு தெரியவில்லை, பனி! தலவாக்கலையில் மார்கழி விடியலில் நிற்பது போலவே இருந்தது. பக்கத்தில் ஓடும் பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் கடல் காற்றைக் குளிர வைப்பதால் மழை மேகம் எழும்பாமல் பனியாகத்தான் உள்ளே வருகிறதாம், சில நாட்களில் 100 கிலோமீற்றர் வரைக்கும். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி மணல் மேட்டின் முகட்டில் குந்தி ஒரு கறுப்பு வண்டைக் காட்டினார். சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. தலையைக் கீழே வைத்துப் பின்பக்கத்தை உயர்த்திக் காற்றுக்கு எதிரே அசையாமல் நின்றது. முதுகில் பொடிப்பொடியாகப் பனி ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு துளியாகி, மெதுவாக உருண்டு அதன் வாய்க்கே வந்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். நமக்குப் பனி என்றால் துணி காயாது, காம்பரா அறை இருட்டிவிடும், பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும். அங்கே அதுதான் குடிதண்ணீர். அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் அந்த மேட்டிலேயே கிடைத்தது.

மீதிப் பாதி கத்துத்துராவில். வின்ட்ஹூக்கின் ஓரத்தில் உள்ள பெரிய குடியிருப்பு அது, ஹெரேரோ மொழியில் அந்தப் பெயருக்கு 'நாங்கள் வாழ விரும்பாத இடம்' என்று அர்த்தம். அப்போது நாட்டை ஆண்ட தென்னாபிரிக்க நிர்வாகம் கறுப்பின மக்களைப் பழைய குடியிருப்பிலிருந்து அங்கே தள்ளப் பார்த்தபோது மக்கள் மறுத்தார்கள், 1959 டிசம்பர் 10 அன்று பொலிஸ் சுட்டதில் பதினொரு பேர் இறந்தார்கள். கடைசியில் அங்கேதான் குடியேற்றப்பட்டார்கள். எந்த இனத்தவர் என்று காட்டும் எழுத்தும் ஓர் எண்ணும் வீட்டுக் கதவில் எழுதியிருந்தார்களாம்.

வடக்கே ஓவம்போ பகுதியிலிருந்து சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் ஒப்பந்தத்தில் ஆண்களை மட்டும் கொண்டுவந்தார்கள், மனைவி பிள்ளைகள் வரக் கூடாது. உடம்பைப் பரிசோதித்துத் தரம் பிரித்துக் கழுத்தில் சீட்டுக் கட்டி அனுப்பினார்கள். அதைக் கேட்டபோது, அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கூட்டிவந்த நம் ஆட்களுக்குத் தோட்ட எண் பொறித்த தகரத் துண்டு கொடுத்தது ஞாபகம் வந்து நெஞ்சு அடைத்துவிட்டது. 1971 டிசம்பரில் அந்த ஒப்பந்த முறைக்கு எதிராக ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். நாடு சுதந்திரமடைந்தது 1990 மார்ச் 21. நமீபியா என்றதும் மணலை மட்டும் காட்டுகிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கத்துத்துராவில் 'சிங்கிள் குவார்ட்டர்ஸ்', அதாவது தனி ஆட்களின் குடியிருப்பு, என்றே பெயர் உள்ள சந்தை இருக்கிறது. வரிசையாக அடுப்பு, மாட்டிறைச்சியைக் கீற்றாக வெட்டிச் சுட்டு உப்பும் மிளகாயும் கலந்த தூளில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள், கபானா என்று பெயர். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி பழக்கமில்லை, நான் எண்ணெயில் பொரித்த மாவுருண்டை இரண்டும் தக்காளி வெங்காயச் சம்பலும் வாங்கினேன். அடுப்படியில் நின்ற பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். போனில் எங்கள் லயத்தின், அதாவது தோட்டத்துத் தொடர் வீட்டின், படத்தைக் காட்டினேன். தகரக் கூரை, ஒரே சுவரில் அடுத்தடுத்துப் பத்துக் கதவு, முன்னால் பீலித் தண்ணீர். அவர் எண்ணெய் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கி, கதவுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். தன் அப்பாவும் ஒப்பந்தத்தில் வந்தவர்தான் என்றார்.

"இப்பவும் ஆட்கள் இருக்கிறார்களா இதில்?"

இருக்கிறார்கள் என்று சொல்லி, இடமிருந்து மூன்றாவது கதவைத் தொட்டுக் காட்டினேன். அம்மா அங்கேதான் இருக்கிறார்.