காற்று நின்ற பிறகும் நகராத எண்

பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே காற்றை அளக்கும் கம்பங்கள் நிற்கும். அந்தக் கம்பங்களுக்கு டேட்டா லாகர், அதாவது அளவுகளைப் பதிந்து அனுப்பும் பெட்டி, செய்து கொடுத்த சின்ன நிறுவனம் ஒன்றில் கொஞ்ச காலம் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் நிரல்) பார்த்தேன். வேலை எளிது. மேலே கிண்ணங்கள் சுற்றும் அனிமோமீட்டர் பல்ஸ் (மின் துடிப்பு) அனுப்பும். நிமிடத்துக்கு ஒருமுறை அதை எண்ணி, வேகமாக மாற்றி, சிம் கார்டு வழியாக அனுப்ப வேண்டும்.

ஆனி, ஆடியில் எல்லாம் சரியாகவே ஓடியது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று பிய்த்துக்கொண்டு வரும் மாதங்கள் அவை. பெட்டியைச் சோதித்ததும் அந்தச் சீசனில்தான். ஐப்பசியில் சைட்டிலிருந்து டெக்னீஷியன் போன் செய்தார். "அண்ணாச்சி, இங்க ஒரு இலைகூட அசையல. ஒங்க பெட்டி மட்டும் 5.83ன்னு சொல்லிக்கிட்டே கெடக்கு."

அந்த 5.83தான் துப்பு. காற்று ஒருபோதும் இரண்டாம் தசம இடம்வரை ஒரே மாதிரி அடுத்தடுத்து வீசாது. பதிவைத் திறந்தால் நிமிடத்துக்கு நிமிடம் 5.83, 5.83, 5.83.

சி என்ற நிரல்மொழியில், ஃபங்ஷனுக்குள் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) அறிவிக்கும் சாதாரண வேரியபிளுக்கு (ஒரு மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடம்) யாரும் மதிப்புக் கொடுக்காவிட்டால், அதற்கென்று ஒரு மதிப்பு கிடையாது. வெளியே அறிவிக்கும் குளோபலுக்கும் ஸ்டாட்டிக்குக்கும் பூஜ்ஜியம் உறுதி. உள்ளே அறிவிப்பதற்கு அந்தச் சலுகை இல்லை. ஃபங்ஷன்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் தற்காலிக மெமரியான ஸ்டாக்கில் அந்த இடத்தில் முன்பு என்ன கிடந்ததோ அதுதான் கையில் வரும். கல்யாண மண்டபத்து வாசல் பலகையில் போன முகூர்த்தத்து மாப்பிள்ளை பெயரை அழிக்காமல் விட்ட மாதிரி. தப்பான பெயர்தான், ஆனால் வருகிறவர்களுக்கு அது ஒழுங்கான பெயராகத்தான் தெரியும்.

எங்கள் கோடில், அழைப்பவர் மதிப்பு வைக்காத ஒரு வேரியபிளின் முகவரியை (பாயிண்டர்) கொடுப்பார்; வேகத்தைக் கணக்கிடும் ஃபங்ஷன் அதன் வழியாக விடையை எழுதும். பல்ஸ் பூஜ்ஜியம் என்றால் ஒன்றும் எழுதாமல் திரும்பிவிடும். ஒவ்வொரு நிமிடமும் அதே வரிசையில், அதே ஆழத்தில் அழைப்பு நடப்பதால், போன தடவை எழுதிய வேகம் அதே இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். காற்று நின்றது, எண் நிற்கவில்லை.

கோடை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலர் ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்கலாம். அந்த ஃபங்ஷன் வேறு ஃபைலில் இருந்தது. முகவரியைக் கொடுத்து அனுப்பிவிட்டால், உள்ளே யாராவது நிரப்பியிருப்பார்கள் என்று கம்பைலர் நம்பிவிடும். சரி, பிரிண்ட் வரி ஒன்று போட்டுப் பார்ப்போம் என்றால், அந்த பிரிண்டே அதே ஸ்டாக் இடத்தைக் கலைத்துவிட்டது. மதிப்பு தாறுமாறாக மாறியது, 5.83 காணாமல் போனது.

இன்னொரு கூத்தும் உண்டு. எப்போதாவது அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்பட்டு, பிரம்மாண்டமான எண் வந்திருக்கிறது. ஆனால் சர்வரில் ஒரு வரம்புச் சோதனை இருந்தது. நம்ப முடியாத வேகம் வந்தால் தூக்கிப் போட்டுவிடும். ஆக, குப்பை என்று தெரிந்த குப்பையெல்லாம் வடிகட்டப்பட்டது. நம்பும்படியான பொய் மட்டும் தங்கியது. இந்த வகைப் பிழையில் எனக்குப் பயம் இதில்தான். நிரல் விழுந்து நொறுங்கினால் அன்றே பிடித்துவிடலாம்.

வேரியபிளுக்குப் பூஜ்ஜியம் வைத்து மூடிவிடலாம் என்று அலுவலகத்தில் உடனே ஒரு யோசனை வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. சென்சார் வயர் அறுந்தாலும் பூஜ்ஜியம்தான் வரும். காற்று இல்லையா, கருவி இல்லையா என்பது தெரியாது. ஃபங்ஷன் தன் நிலையைத் தனியாகத் திருப்பித் தரவேண்டும், அழைத்தவர் அதைப் பார்த்தாக வேண்டும் என்று மாற்றினோம். கிளாங் என்ற கம்பைலரிலும், 2022இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் ஜிசிசி என்ற கம்பைலரிலும், எல்லா உள் வேரியபிள்களையும் தானாகவே பூஜ்ஜியத்தாலோ ஒரு விகாரமான பேட்டர்னாலோ நிரப்பும் வசதி இருக்கிறது. சோதனைக்குப் பேட்டர்ன், சைட்டுக்குப் பூஜ்ஜியம் என்பது என் கட்சி. விகாரமான எண் மேசையிலேயே கண்ணில் படும்.

எச்சரிக்கையை வாயடைப்பதும் ஆபத்துதான். 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் ஓபன்எஸ்எஸ்எல்லில் (குறியாக்க மென்பொருள்), வால்கிரைண்ட் போன்ற மெமரிப் பிழை தேடும் கருவிகள் மதிப்பு வைக்காத மெமரி என்று புகார் சொன்ன வரிகளை எடுத்துவிட்டார்கள். அவற்றில் ஒன்று, சாவிகளை ஊகிக்க முடியாதபடி உண்மையான ரேண்டம் தரவைக் கலக்கும் வரி. மிஞ்சியது, ஓடும் நிரலுக்கு சிஸ்டம் தரும் புராசஸ் எண் மட்டுமே; ஒரு வகைக் குறியாக்கச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள்தான். 2008 வரை யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் பிழையைத் திருத்திய அதே சமயத்தில், பெட்டி அனுப்பும் தரவுப் பாக்கெட்டையும் பிரித்துப் பார்த்தோம். ஒரு பைட் நிலை, அப்புறம் நான்கு பைட் வேகம். நடுவே சீரமைப்புக்காகக் கம்பைலர் விட்ட மூன்று பைட் இடைவெளி. இவற்றைச் சேர்த்து வைத்த ஸ்ட்ரக்டை (தரவுத் தொகுப்பு) அப்படியே அனுப்பியதால் அந்த மூன்றிலும் பழைய ஸ்டாக் மிச்சம் வெளியே போய்க்கொண்டிருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலும் இதே வழியில் தகவல் கசிந்து, திருத்தங்கள் வந்ததுண்டு. நாங்கள் நிலை, வேகம் என்று ஒவ்வொரு புலமாக எடுத்து எழுதும்படி மாற்றிவிட்டோம்.

பழைய பதிவுகளை மட்டும் திருத்த முடியவில்லை. இரண்டாம் தசமம்வரை அடுத்தடுத்து ஒரே எண் வந்த வரிசைகளைச் சந்தேகத்துக்குரியவை என்று குறித்து, ஆண்டுச் சராசரியிலிருந்து நீக்கிக் கொடுத்தோம். வாடிக்கையாளர் அந்த ஆண்டுக் கணக்கைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.