மிதி பம்ப் தேர்வு: லிட்டரை மட்டும் பார்த்தால் போதாது

கேம்பிங் போகும்போது காற்றடிக்க வேண்டிய சாமான்கள் என்னிடம் நான்கு வகை: இரண்டு பேர் படுக்கும் மெத்தை, ஒற்றை மெத்தை, தலையணைகள், அப்புறம் இரண்டு பேர் உட்காரும் பிவிசி கயாக் (காற்றடைத்த துடுப்புப் படகு). இத்தனைக்கும் காலால் மிதிக்கிற ஒரே பம்ப் போதுமா, போதும் என்றால் அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று கொஞ்ச காலமாக வெவ்வேறு பம்புகளை வாங்கியும் இரவல் கேட்டும் மிதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பிடிபட்டதை எழுதி வைக்கிறேன், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

பேட்டரி பம்ப் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பேட்டரி பம்பை நான் குறை சொல்லவில்லை, பெரிய மெத்தையை அது மளமளவென்று உப்ப வைத்துவிடும். ஆனால் கையடக்கமான ரீசார்ஜ் பம்புகளில் பலவும் அந்தக் கடைசி இறுக்கத்துக்குத் திணறுகின்றன, பக்கத்துக் கூடாரத்தில் குழந்தை தூங்கும் நேரத்தில் அந்த இரைச்சலைக் கிளப்பவும் மனசு வராது, சார்ஜ் தீர்ந்துவிட்டால் அன்றைக்குத் தரையில்தான் படுக்கை. மிதி பம்பில் கெட்டுப்போவதற்கு இருப்பதே ஒரு துருத்தி, ஒரு ஸ்பிரிங், இரண்டு ரப்பர் மடல், ஒரு குழாய். எனக்கு அந்த எளிமை பிடித்திருக்கிறது.

முதலில் கொள்ளளவுக் கணக்கு. 2 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரம் உள்ள மெத்தையைப் பெட்டி மாதிரி நினைத்துப் பெருக்கினால் 560 லிட்டர் வருகிறது. மேலே இருக்கும் பள்ளங்கள், உருண்டையான ஓரங்களைக் கழித்தால் சுமார் 450 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மிதிக்கு 4 லிட்டர் தள்ளும் பம்ப் என்றால் 110 மிதிக்கு மேல், 1.5 லிட்டர் பம்ப் என்றால் 300 மிதி. வண்டி டயருக்கு அடிக்கும் உருளை வைத்த கால் பம்ப் வீட்டில் இருக்கிறதே, அதுவே போதாதா என்றால், அது ஒரு மிதிக்குத் தள்ளுவது கால் லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். மெத்தை நிரம்ப ஆயிரத்தைத் தாண்டி மிதிக்க வேண்டும், போதாததற்கு அதன் முனை டயர் வால்வுக்கென்றே செய்தது. அதை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் உண்மையா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் 20 லிட்டர் வாளி ஒன்றைத் தண்ணீரோடு கவிழ்த்துப் பிடித்து, பம்ப் குழாயின் முனையை வாளிக்கு அடியில் நுழைத்து நிதானமாக மிதிக்க வேண்டும். காற்று உள்ளே ஏற ஏறத் தண்ணீர் இறங்கும், வாளி விளிம்பில் குமிழி வெளியே வருகிற நேரத்தில் 20 லிட்டர் போயிருக்கும். (வாளி மேலே கிளம்பப் பார்க்கும், இன்னொருவர் அழுத்திப் பிடித்துக்கொள்வது நல்லது.) 5 லிட்டர் என்று போட்டிருந்த ஒரு பம்ப் இந்தச் சோதனையில் 4 லிட்டரைத் தாண்டவில்லை. துருத்தி முழுசாக மடிவதில்லை, மடிப்புகளுக்குள் கொஞ்சம் காற்று எப்போதும் தங்கிவிடுகிறது. வேகமாக மிதித்தால் இன்னும் குறைகிறது, ஏனென்றால் ஸ்பிரிங் துருத்தியை முழு உயரத்துக்கு எழுப்புவதற்குள் அடுத்த மிதி விழுந்துவிடுகிறது. காற்று உள்ளே வரும் துளை சின்னதாக இருக்கும் பம்புகளில் இது ரொம்பத் தெரியும், காலை எடுத்த பிறகும் அது மெதுவாகத்தான் எழும். அதனால் பம்பைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது, அழுத்தி விட்டால் எத்தனை சீக்கிரம் எழுகிறது என்பதை.

சரி, லிட்டர் அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். மெத்தை மட்டும்தான் என்றால் ஆமாம். கயாக் வந்தவுடன் கணக்கு மாறிவிடுகிறது.

துருத்திக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறும் என்பது, உங்கள் காலின் பலத்தை அது எவ்வளவு பெரிய பரப்பில் பரப்புகிறது என்பதைப் பொறுத்தது. 1 பிஎஸ்ஐ என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 70 கிராம் எடை. வட்டத் துருத்தியின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர், அதாவது 1 பிஎஸ்ஐ-க்கு 22 கிலோ அழுத்த வேண்டும். 3 பிஎஸ்ஐ-க்கு 66 கிலோ. கிட்டத்தட்ட முழு ஆளும் ஒற்றைக்காலில் ஏறி நிற்க வேண்டும், எடை குறைந்தவர் ஏறி நின்றாலும் அது இறங்காது. விட்டம் 12 சென்டிமீட்டர்தான் என்றால் அதே 3 பிஎஸ்ஐ-க்கு 24 கிலோ போதும், யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம், ஆனால் ஒரு மிதிக்குப் போகும் காற்று மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் குறைந்துவிடும். பெரிய பம்ப் சீக்கிரம் நிரப்பும், சின்ன பம்ப் இறுக்கமாக நிரப்பும், இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது. எந்தப் பம்பை எடுத்தாலும் இதைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பெட்டியின் மேல் லிட்டரைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் துருத்தியின் விட்டத்தைப் போடுவதில்லை, அதனால் நான் அளவு நாடா கொண்டு போய் அளந்து பார்க்கிறேன்.

இதற்கு நடுவில் ஒரு நல்ல வழி கிடைத்தது. ஒரு பக்கம் கீல் வைத்து, புத்தகம் மாதிரி திறந்து மூடும் துருத்திகள் இருக்கின்றனவே, அவற்றில் கீலுக்கு எதிர்ப்பக்க நுனியில் மிதித்தால், அதே பரப்பை நேராக அழுத்துவதற்குத் தேவையான பலத்தில் பாதி போதும், நெம்புகோல் வேலை செய்கிறது. கீலுக்குப் பக்கத்தில் குதிகாலை வைத்து மிதித்துவிட்டு “இறங்கவே மாட்டேங்குது” என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதத்தின் முன்பகுதி நுனியில் விழ வேண்டும், குதிகால் தரையில் ஊன்றி இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் கெண்டைக்காலுக்கும் வலி குறைவு, ஒவ்வொரு தடவையும் முழுக்காலைத் தூக்க வேண்டியதில்லை.

எதற்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்பதையும் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். 70 கிலோ ஆள் அரைச் சதுர மீட்டர் பரப்பில் படுத்தால் மெத்தைக்கு அவர் கொடுக்கும் சராசரி அழுத்தம் 0.2 பிஎஸ்ஐ-தான், ஆகவே மெத்தைக்கு 1 பிஎஸ்ஐ-க்குக் கீழேயே போதும். சாதாரண பிவிசி கயாக், படகு வகைக்கு 1 முதல் 3 வரை. காற்றுத் தூண் வைத்த கூடாரங்களுக்குப் பெரும்பாலும் 5 முதல் 9, நின்றபடி துடுப்பு போடும் பலகைகளுக்கு 12 முதல் 15. கடைசி இரண்டையும் மிதி துருத்தியால் செய்ய நினைக்காதீர்கள். 20 சென்டிமீட்டர் துருத்தியில் 12 பிஎஸ்ஐ ஏற்ற 260 கிலோவுக்கு மேல் வேண்டும். அதற்கெல்லாம் இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அடிக்கும் உருளை பம்ப்தான், அதிலும் கடைசிக் கட்டத்தில் ஒற்றை அடிக்கு, அதாவது கீழே அழுத்தும்போது மட்டும் காற்றைத் தள்ளுகிற மாதிரி, மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பதாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வால்வு. பம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முனை வால்வில் சரியாக உட்காராவிட்டால் பாதிக் காற்று ஓரத்திலேயே புஸ்ஸென்று போய்விடும். என்னிடம் இருப்பவற்றிலேயே மூன்று வகை. மெத்தையில் இரண்டு அடுக்காகத் திருகும் பாஸ்டன் வால்வு: மேல் மூடியைத் திறந்து அடித்தால் உள்ளே இருக்கும் மடல் காற்றைத் திரும்ப விடாது, அடி மரையையும் கழற்றினால் மொத்தமும் வெளியேறும். தலையணையில் கிள்ளித் திறக்கும் சின்ன வால்வு, இதற்கு ஒல்லியான கூம்பு முனை வேண்டும், அது உள் மடலைத் தாண்டிப் போக வேண்டும், இல்லாவிட்டால் மடல் மூடிக்கொண்டு பம்ப் கல் மாதிரி நிற்கும். கயாக்கில் நடுவே ஊசி வைத்த ஸ்பிரிங் வால்வு, ஹால்கி ராபர்ட்ஸ் என்பார்கள். காற்றடிக்கும்போது ஊசி மேலே நிற்க வேண்டும், அழுத்தித் திருப்பிவிட்டால் கீழேயே நின்று காற்றைத் திறந்துவிடும். இதற்கான முனை காதுகளோடு திருகிப் பூட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். கூம்பு முனையை வெறுமனே செருகி மிதித்தால் 1 பிஎஸ்ஐ-யைத் தாண்டுவதற்குள் தெறித்து வெளியே வருகிறது.

முனைகள் பத்து கொடுக்கிறார்கள் என்பதில் மயங்க வேண்டாம், உங்கள் வால்வுக்கு இரண்டு பொருந்தினால் போதும். அந்த இரண்டையும் நூலால் குழாயோடு கட்டி வையுங்கள். புல்லுக்குள் விழுந்த கறுப்பு முனையை டார்ச் வைத்துத் தேடுவது பெரிய வேலை.

கடையிலோ இரவல் வாங்கும் இடத்திலோ நான் செய்யும் சோதனை இதுதான். குழாயின் முனையை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு துருத்தியின் மேல் எடையைக் கொடுத்து நிற்க வேண்டும். குழாய் வாய் சின்னது என்பதால் கையால் அடைத்துப் பிடிப்பது கஷ்டமில்லை. துருத்தி நின்ற இடத்திலேயே கிண்ணென்று நின்றால் நல்ல பம்ப். மெல்ல மெல்ல அமுங்கினால் எங்கோ ஒழுகுகிறது. காதை வைத்துக் கேட்டால் அநேகமாகக் குழாய் துருத்தியோடு சேரும் இடம், இல்லையென்றால் காற்று உள்ளே வரும் மடல். வீட்டில் என்றால் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். மடலில் மணல் துகள் ஒட்டியிருந்தாலும் இப்படி ஒழுகும், முதலில் ஊதித் துடைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பம்பைக் குறை சொல்லலாம்.

வெளியேற்றும் திறப்போடு உறிஞ்சும் திறப்பும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். குழாயை அதில் மாற்றிச் செருகினால் அதே பம்ப் மெத்தையில் மிச்சமிருக்கும் காற்றை இழுத்துவிடும். கிளம்பும் காலையில் மெத்தையை உருட்டி உருட்டிப் பைக்குள் திணிக்கிற பாடு இதனால் பாதியாகக் குறைகிறது.

இடம் முக்கியம். மணலில் துருத்தி புதைகிறது, மிதியின் பலம் மணலுக்குப் போய்விடுகிறது, உள்ளே வரும் துளை மணலையும் சேர்த்து உறிஞ்சுகிறது. ஒரு சின்னப் பலகையோ கயாக்கின் இருக்கைத் தட்டோ அடியில் போட்டால் வேலை சுலபம். மரத்தையோ வண்டியையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பாதியில் கால் மாற்றினால் பெரிய மெத்தைக்கும் மூச்சு வாங்காது.

ராத்திரியில் மெத்தை தொளதொளவென்று ஆனால் உடனே பஞ்சர் என்று முடிவு கட்ட வேண்டாம். சாயங்காலம் 30 டிகிரியில் அடித்த காற்று விடியற்காலை 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 5 சதவீதம் சுருங்கும், புது பிவிசி வேறு முதல் சில தடவை கொஞ்சம் நீளும். படுக்கப் போகும் முன் நாலைந்து மிதி சேர்த்து மிதித்தால் சரியாகிவிடும், மிதி பம்பைக் கூடாரத்துக்குள்ளேயே சத்தமில்லாமல் பயன்படுத்தலாம் என்பது இங்கேதான் கைகொடுக்கிறது. கயாக்கில் இது தலைகீழ். காலையில் 25 டிகிரியில் 3 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டுக் கரையில் வெயிலில் போட்டு உள்ளே காற்று 45 டிகிரிக்குச் சூடானால், பிவிசி நீளாமல் நின்றால் அழுத்தம் 4 பிஎஸ்ஐ-யைத் தாண்டும், தையல் விடுவது இப்படித்தான். கரையேறியதும் நிழலுக்கு இழுத்துவிடுங்கள், நிழல் இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

முதுகில் சுமந்து நடந்து போகிறவர்களுக்கு மிதி பம்ப் வேண்டாம் என்பேன். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கும், உள்ளே இறகோ பஞ்சோ வைத்த மெத்தையில் பூஞ்சை வரும். அவர்களுக்குக் காற்றைப் பிடித்து உருட்டித் தள்ளும் துணிப்பை போதும், மடித்தால் சட்டைப்பையில் அடங்கும்.

இப்போதைக்கு நான் வைத்துக்கொண்டிருப்பது நடுத்தர அளவில் கீல் வைத்த துருத்தி ஒன்று. மெத்தைக்குச் சற்று நேரம் கூடப் பிடிக்கிறது, ஆனால் கயாக்கின் பக்கவாட்டு அறைகளை என் எடையிலேயே சிரமமில்லாமல் இறுக்கிவிடுகிறது. உப்புத் தண்ணீரில் போய் வந்தால் உள்ளே ஸ்பிரிங் துருப்பிடிக்கும், அதனால் நல்ல தண்ணீரில் வெளியே கழுவி, சில தடவை வெறுமனே மிதித்து ஈரத்தை வெளியேற்றி, துருத்தியை மடித்துப் பூட்டாமல் திறந்தபடியே வைக்கிறேன். நாள்கணக்கில் அமுக்கிப் பூட்டி வைத்தால் ஸ்பிரிங்கும் தளரும், மடிப்பில் ரப்பரும் வெடிக்கும். அடுத்து குழாயின் நடுவில் ஒரு அழுத்தமானி பொருத்திப் பார்க்கப் போகிறேன், கட்டைவிரலால் அமுக்கி “போதும்” என்று சொல்வதும் மானி காட்டுவதும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்று அளந்துவிட்டு எழுதுகிறேன்.