கழற்றிய கப்ளரும் செய்முறைத் தேர்வும்

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு அகில இந்தியத் தொழில் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். செய்முறைத் தேர்வு என்றால் ஸ்பேனர் பிடிப்பதையும் டார்க் (போல்ட்டை இறுக்கும் முறுக்கு விசை) வைப்பதையும் எல்லோரும் பழகுகிறோம். கழற்றிய கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பானை, என்ன செய்வது என்று பழகுகிறவர்கள் குறைவு. ஆல்டர்னேட்டரையோ இன்ஜெக்டரையோ கழற்றச் சொன்னால், வேலை முடியும்வரை அந்த வயர் முனை எப்படிக் கிடக்கிறது என்பதைத் தேர்வாளர் கவனிப்பார். எனக்கு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வந்த கேள்விகளும் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் இருந்தன.

செய்முறையை மனப்பாடம் செய்யாதீர்கள், காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூசி, தண்ணீர் பாதுகாப்பைச் சொல்லும் ஐபி67 என்ற குறியீட்டில் 6 என்பது தூசி புகாது என்பதற்கு. 7 என்பது 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கு. கப்ளருக்கு இந்தத் தரம் பொதுவாக இரண்டு பாதியும் மாட்டியிருக்கும்போது மட்டுமே பொருந்தும். பிரித்த நொடியிலிருந்து ரப்பர் சீலுக்கு வேலை இல்லை, உள்ளே இருக்கும் உலோகப் பின்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. அதில் 12 வோல்ட் இருந்து தண்ணீரும் பட்டால் மின்னாற்பகுப்பு நடந்து பாசிட்டிவ் பின் வேகமாக அரிக்கும். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றச் சொல்வதற்கு ஷார்ட் ஆவது மட்டும் காரணமில்லை, இதுவும் ஒன்று. அப்புறம், தண்ணீர் பின்னோடு நிற்காது. செம்பு இழைகளுக்கு நடுவே நுண்புழை ஏற்றத்தால் வயருக்குள்ளேயே ஏறிப் போகும். வெளியே இன்சுலேஷன் நன்றாகத் தெரியும், உள்ளே பச்சை பூத்திருக்கும். 5 வோல்ட்டில் ஓடும் சென்சார் வயரில் இப்படி மின்தடை கூடினால் இசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு) தப்பான அளவுதான் போய்ச் சேரும்.

பாதுகாப்பதற்குப் பெரிய செலவு இல்லை. அளவான பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் காய்ந்த, சுத்தமான சின்ன பாலித்தீன் கவரை மாட்டி, வயரோடு சேர்த்து ஜிப் டை போட்டு, கப்ளரின் வாய் கீழே பார்க்கும்படி உயரத்தில் கட்டிவிடுங்கள். வாய் கீழே பார்ப்பது கவரைவிட முக்கியம் என்பேன். மேலே பார்த்தால் அது தண்ணீர் பிடிக்கும் கிண்ணம். நனைந்த கப்ளரை அப்படியே மூடினால் ஈரம் உள்ளேயே அடைபடும், காயவைத்த பிறகே மூட வேண்டும். துணியோ பேப்பரோ திணிக்கக் கூடாது, ஈரத்தை இழுத்துப் பின்னோடு ஒட்டவைக்கும். பின் மேல் நேரடியாக இன்சுலேஷன் டேப் சுற்றினால் இன்ஜின் சூட்டில் பசை இளகி உள்ளே படியும்.

தேர்வில் பலருக்கு மதிப்பெண் போவது சுத்தம் செய்யும் இடத்தில். பின்னை எமரி தாளால் தேய்த்தால் மேலே உள்ள தகரப் பூச்சு போய்விடும். அதன் பிறகு அது சீக்கிரமே அரிக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிடுங்கள். காற்று அடிப்பதானால் கம்ப்ரசர் டேங்கின் தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள். சீலுக்குச் சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள், சீல் எந்த ரப்பர் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த கிரீஸ் மின்சாரத்தைக் கடத்துமா என்று வைவாவில் கேட்டால், கடத்தாது, ஈரத்தைத் தடுக்க மட்டுமே என்று சொல்லுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி பட்டால் சில ரப்பர்கள் உப்பிவிடும்.

மஞ்சள் கப்ளர் என்றால் பெரும்பாலும் ஏர்பேக். பேட்டரியைக் கழற்றி, அந்த வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்காமல் தொடாதீர்கள். அதில் மீட்டர் வைத்து ஓம்ஸ் பார்ப்பதும் கூடாது.

மற்ற கப்ளர்களில் அளவு பார்க்கும்போது மீட்டரின் தடித்த புரோபை (முள் முனையை) முன்பக்கமாகக் குத்தினால் பெண் டெர்மினல் (பின் நுழையும் துளை முனை) விரிந்துவிடும். பின்பக்கம் வயர் நுழையும் வழியாக மெல்லிய பின்னை வைத்துப் பாருங்கள், சீல் கிழியாமல். திரும்ப மாட்டும்போது லாக் 'டிக்' என்று விழுந்ததா என்று லேசாக இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியாகப் பேட்டரி நெகட்டிவைக் கொடுங்கள்.