இடது கை

இன்று வங்கியில் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.

இடது கையால், ஒரு படிவத்தின் பின்பக்கம் முழுக்கத் தன் கையெழுத்தைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

எல்லாம் கோணல்மாணல். ஆனால் கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சுழி; அதை மட்டும் ஒருமுறைகூட விடவில்லை. பழைய மிடுக்கு அதில்தான் மிச்சம் போல.

ஹங்கேரியின் துப்பாக்கி சுடும் வீரர் கரோலி டகாச் நினைவுக்கு வந்தார். 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலது கை சிதைந்தது. யாரிடமும் சொல்லாமல் இடது கையில் பழகி, 1948, 1952 ஒலிம்பிக்கில் தங்கம்.

பதக்கத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ‘பாசிட்டிவாக இரு’ என்பவர்களும் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

எனக்கு என்னவோ, குறி தவறிக்கொண்டே இருந்திருக்கும் அந்த முதல் வாரங்களைப் பற்றித்தான் கேட்க ஆசை.